இரண்டாம் பிரதிவாதி, வயது ஆறு

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்கு ஊரார் கஷ்டமெல்லாம் வரிக்கு வரி நிறைய இடம் விட்டுத்தான் தெரியும். இடம் விடாமல் நெருக்கி அடித்தால் கோர்ட்டில் வாங்க மாட்டார்கள்.

நான் பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயர் கிரேடும் முடித்தவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, அவரவர் ஊரில் குடித்தனம் வைத்த பிறகு, கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் ஆள் கேட்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்தேன். வக்கீல் ஒரு பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்கள் இரண்டு பேரையும் மேய்க்கிறவர் குமாஸ்தா ஆறுமுகண்ணன். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் முப்பது வருடமாக நடக்கிறவர். மேடத்துக்குச் சட்டம் தெரியும். அவருக்குக் கோர்ட்டு தெரியும்.

வாய்தாவுக்கு அலைந்து செருப்புத் தேய்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவதில் எதுவும் புதிதாக இருக்காது. அலையாதவர்கள் இப்போதே ஒரு தடவை சாமி கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

விற்றுப்போன கடன்

சூலூரிலிருந்து ரங்கசாமி என்று ஒருவர் வந்தார். ஆறு பவர்லூம் தறி, அதை ஒட்டி வீடு. வீட்டையும் தறிக் கொட்டகையையும் சேர்த்து ஒரு பைனான்ஸ்காரரிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். நூல் விலை ஏறி, துணி விலை இறங்கி, தவணை நின்றுபோனது. பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் வீட்டை ஏலத்துக்கு விடு என்று பைனான்ஸ்காரர் கேஸ் போட்டார். ரங்கசாமி ஆறு தறியில் நான்கை விற்றார். பணத்தைப் பாங்கில் போட்டு, பாஸ்புக்கைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனைவி சரஸ்வதியோடு வந்து நின்றார். "கட்டிப்போடறனுங்க மேடம். பத்திரத்தை மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். அடமானக் கேஸில் கட்டுகிறேன் என்று பாஸ்புக்கோடு வந்தவரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆறுமுகண்ணன் தன் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

மேடம் எதையும் பார்க்காமல் கட்டச் சொல்ல மாட்டார். சொத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். கேஸ் போட்ட இரண்டாம் மாதமே பைனான்ஸ்காரர் அந்த அடமானத்தை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார் என்று அதில் இருந்தது. வீட்டுப் பத்திரமும் கம்பெனிக்குப் போய்விட்டது. கேஸில் மட்டும் இன்னும் அவர் பேர்தான். அவருடைய போன் அணைந்தே கிடந்தது, அவருடைய வக்கீல் வாய்தா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கேஸில் இருக்கிறவருக்குக் கட்டினால் பத்திரம் வராது. பத்திரத்தை வைத்திருக்கிற கம்பெனி நாளைக்குத் தனியாக வந்து வீட்டைக் கேட்கும். அதனால் கம்பெனியையும் இந்த வழக்கில் ஒரு கட்சியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு நாமே மனுப் போட வேண்டும் என்று மேடம் விளக்கினார். அதுவரை வட்டி ஏறிக்கொண்டிருக்கும், பாஸ்புக்கில் இருப்பது ஏறாது. ஏழெட்டு மாதம் இழுத்தால் மிச்சம் இருக்கிற இரண்டு தறியும் போகும்.

ரங்கசாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாஸ்புக்கைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு கேட்டார்: "ஏனுங்க மேடம், எம்பட கடனை விக்கறோமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பனேங்க?"

பக்கத்தில் நிறுத்துவது

நியாயமாகப் பார்த்தால் கம்பெனி, கேஸ் போட்டவர் பக்கம் நிற்க வேண்டியது. ஆனால் அது தானாக வந்து கேட்கவில்லை. கேட்காததை நாம் இழுக்கிறோம் என்பதால் பிரதிவாதியாகத்தான் சேர்க்க முடியும். ஆகவே முதல் பிரதிவாதி கடன் வாங்கிய ரங்கசாமி, இரண்டாம் பிரதிவாதி அந்தக் கடனை வசூலிக்க வேண்டிய கம்பெனி. இதை நான் டைப் அடிக்கும்போது சரஸ்வதி என் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கம்பெனி பேர் ஏன் தன் வீட்டுக்காரர் பேருக்குக் கீழே வருகிறது என்று கேட்டார். நான் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. "பாவமுங்க, அவுங்க என்ன பண்ணுனாங்க, எங்ககூடக் கொண்டாந்து நிக்க வெக்கறதுக்கு?" என்றார்.

வயது ஆறு

இது என் தப்பு. மறைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் கம்ப்யூட்டரில் கட்சிக்காரர் விவரத்துக்கு ஒரு படிவம் உண்டு. பேர், தகப்பனார் பேர், வயது, விலாசம். எல்லா மனுவுக்கும் அதே படிவம்தான். காலியாக விட்டால் கோர்ட்டில் திருப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் கம்பெனியைப் பதிவு செய்த வருடத்தைத் தேடிப் பிடித்து, விரல் விட்டு எண்ணி, வயது சுமார் ஆறு என்று அடித்துவிட்டேன். தகப்பனார் பேருக்கு எதிரே, கம்பெனிக் காகிதத்தில் முதலில் இருந்த டைரக்டர் பேரைப் போட்டேன். மேடம் அன்றைக்கு வேறு வழக்கில் அவசரமாக இருந்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் கோடு. நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால் ஆறுமுகண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முழுக்கப் படித்து, காகிதத்தை என் மேஜையில் வைத்தார். "ஆறு வயசுன்னா மைனருங்க அம்மணி. கார்டியன் போட்டிருக்கோணும்."

நீதிபதி கேட்டது

திருத்தி அடித்த மனுவுக்குக் கோர்ட்டில் நம்பர் விழுந்து, விசாரணைக்கு வந்த அன்று கட்டு கனமாக இருந்ததால் நானும் கூடப் போனேன். கூப்பிட்டார்கள். மேடம் எழுந்து, கம்பெனியைக் கட்சியாகச் சேர்க்க வேண்டும் என்று சொன்னார். நீதிபதி மனுவைப் புரட்டினார். இரண்டு தடவை புரட்டினார். மனுப் போட்டது பிரதிவாதி, அதாவது கடன் பட்டவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் மேடம். நீதிபதி ரங்கசாமியைக் கூண்டுக்கு வரச் சொல்லாமல், நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி எழுதிவிட்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "கடன் குடுத்தவங்களைத் தேடித் தரச் சொல்லிக் கடன் வாங்கினவர் கோர்ட்டுக்கு வர்றதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

ரங்கசாமி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

துடியலூர் விலாசம்

தபாலில் போன நோட்டீஸ் கதவு பூட்டியிருந்தது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அடுத்து, நோட்டீஸ் சேர்க்கிற கோர்ட்டு அமீனா நேரில் போனார். கம்பெனியின் பதிவான விலாசம் துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். அங்கே கம்பெனியின் பெயர்ப் பலகை மாட்டியபடியே இருந்ததாம். கீழே ஒரு அம்மா கிரைண்டர் இரண்டு போட்டு இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாராம். கம்பெனிக்காரர்கள் எங்கே என்று கேட்டதற்கு, அந்த அம்மா மாவுக் கையோடு மேலே பலகையைக் காட்டியிருக்கிறார்.

அமீனா எங்கள் ஆபீசுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அறிக்கை எழுதப் போனார். அப்படியானால் கம்பெனி இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்டேன். கையில் ஒரு பாக்கெட் வைத்திருந்தார். "போர்டு இருக்குதுங்க, ஆளுதான் இல்லை. மாவு நல்ல மாவுங்க."

இரண்டு தறிச் சத்தம்

இதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. வாரம் ஒரு தடவை சரஸ்வதி போன் செய்வார். கேஸைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் பேசினார்களா என்று கேட்டு வைத்துவிடுவார். கேட்க வந்தது வேறு என்று எனக்குத் தெரியும், எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு நாள் நானே, உடம்புக்கு எப்படி இருக்கிறது, குரல் சோர்ந்து கிடக்கிறதே என்று கேட்டுவிட்டேன். "ஆறு தறி ஓடறப்ப தூங்கிப் பழகிட்டமுங்க. ரெண்டு தறிச் சத்தத்துல தூக்கமே வர்றதில்லீங்க" என்றார்.

நட்சத்திரம்

வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கினேன். கட்சிக்காரர்களுக்காகக் கும்பிடும்போது எதிர்த்தரப்புக்கும் சேர்த்துக் கும்பிடுவது என் வழக்கம். அவர்களுக்கு நல்ல புத்தி வந்தால் நமக்குத்தானே வேலை மிச்சம். ரங்கசாமி, சரஸ்வதி பேர் நட்சத்திரம் சொன்னேன். பிறகு கம்பெனி பேரைச் சொன்னேன். நீளமான பேர், கடைசியில் பிரைவேட் லிமிடெட். குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நட்சத்திரம் கேட்டார். பதிவான தேதியைக் கொடுத்து ஆறுமுகண்ணனிடம் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லியிருந்தேன், அதனால் சுவாதி என்று உடனே சொல்ல முடிந்தது.

தொழில் விருத்திக்கா என்றார் குருக்கள். இல்லீங்க, மூன்று மாதமாகத் தேடுகிறோம், ஆளைக் காணோம் என்று சொன்னேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவர் நிதானமாக யோசித்தார். "நல்லா இருக்கோணும்னு கேக்கட்டுமா, கெடைக்கோணும்னு கேக்கட்டுமாங்க?"

தட்டு

அடுத்து என்ன செய்வதென்று மேடம் யோசித்துக்கொண்டிருந்தார். நாளிதழில் விளம்பரம் கொடுக்கக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம், ஆனால் அதற்கு இன்னும் இரண்டு வாய்தா ஆகும். வெறும் விளம்பரத்தை வைத்துக் கம்பெனியைச் சேர்த்தாலும் பத்திரத்தை யாரிடமிருந்து வாங்குவது? இப்படி நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ரங்கசாமி வெள்ளை வேட்டி சட்டையில், சரஸ்வதி பட்டுச் சேலையில். ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். விசேஷத்துக்குத்தான் போயிருந்தார்கள், கம்பெனியை அழைக்க.

ரங்கசாமி விவரம் சொன்னார். அமீனா சொன்னதைக் கேட்டதிலிருந்து அவருக்கு ஒரே யோசனையாம். தபாலில் போட்டால் யார் வருவார்கள்? எங்கள் பக்கம் காதுகுத்துக்குக்கூடத் தபாலில் பத்திரிகை போட்டால், நேரில் வந்து சொல்ல முடியவில்லையா என்று சொந்தக்காரர், ஒறம்பரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போய், வெற்றிலை பாக்கு வைத்து, வந்துருங்க என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டது தங்கள் தப்புதான் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். துடியலூர் போய் மாவு அரைக்கிற அம்மாவிடம் கம்பெனியைக் கேட்கவில்லை. வாடகையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா வடவள்ளியில் ஒரு வீட்டைச் சொன்னார். வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூவன் பழம், பூ எல்லாம் வைத்து, மேலே கோர்ட்டு நோட்டீசின் ஜெராக்ஸை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு மேல் போய்க் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்த அம்மா இவர்கள் கோலத்தைப் பார்த்து, வாங்க வாங்க என்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிவிட்டார்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கம்பெனிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். டைரக்டர்கள் மொத்தம் இரண்டு பேர், புருஷனும் மனைவியும். "தட்டை வாங்கினது பாதிக் கம்பெனி அக்கா" என்றார் என்னிடம். மீதிப் பாதி உள்ளேயிருந்து வந்து பத்திரிகையைப் படித்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து இரண்டாம் தடவையும் படித்தாராம். கோபித்தார்களா என்று மேடம் கேட்டார். ரங்கசாமிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "கோவமெல்லாம் இல்லீங்க மேடம். தேதி சொல்லிப்போட்டு வந்திருக்கறோம். குடும்பத்தோட வாரோமுன்னாங்க."

மறுபடியும் அமீனா

வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால் கோர்ட்டுக் கணக்கில் அது சார்வு ஆகாது, நோட்டீஸ் சேர்ந்ததாக எழுத மாட்டார்கள். மேடம் வடவள்ளி விலாசத்தைக் கோர்ட்டில் கொடுத்து, அமீனாவை முறைப்படி அங்கே அனுப்பினார். போன வேகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் அத்தனை வருட வேலையில் நோட்டீஸ் கொடுக்கப் போய் யாரும் உட்காரச் சொன்னதில்லையாம். "காப்பி குடுத்தாங்கங்க. இந்தப் பத்திரிகை முன்னாலயே வந்துருச்சுங்களே, மறுக்காவும் எதுக்குன்னு அந்தம்மா கேட்டாங்க."

குடும்பத்தோடு

சொன்னபடியே வந்தார்கள், இரண்டு பேரும். கோர்ட்டு வராந்தாவில் அவர்கள் படியேறுவதைப் பார்த்ததும் சரஸ்வதி முன்னால் போய், "வாங்க, வாங்கம்மணி, தடம் கண்டுபுடிச்சு வந்துட்டீங்களா?" என்று கூட்டி வந்து, பெஞ்சில் துண்டால் தூசி தட்டி உட்கார வைத்தார். கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. சந்தனக் கிண்ணம் ஒன்றுதான் குறை.

ஆனால் உள்ளே போனதும் கதை வேறாக இருந்தது. கம்பெனியின் வக்கீல் எழுந்து, எங்களை இதில் சேர்க்க வேண்டியதில்லை, எங்கள் கடனுக்கு நாங்கள் தனியாக வழக்குப் போட்டுக்கொள்கிறோம், ஆட்சேபணை எழுதித் தர இரண்டு மாதம் வேண்டும் என்றார். இரண்டு மாதம் என்று கேட்டதும் ரங்கசாமியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இரண்டாவது வழக்கு என்றால் வீடு இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும், தறிகள் அதற்கு முன்பே போய்விடும். சரஸ்வதிக்கு வக்கீல் பேசியது புரியவில்லை. புருஷன் முகம் புரிந்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன்.

அப்போது கம்பெனி அம்மா தன் வீட்டுக்காரரின் முழங்கையை இடித்தார். அவர் எழுந்து தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் கையை ஆட்டினார். மறுபடியும் இடி. நீதிபதி பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லுங்கள் என்றார். அந்த மனிதர் கைகட்டி நின்று சொன்னார்: "ஐயா, கடனை எழுதிக் குடுத்தவரு இவரு ஓடிப்போயிட்டாருன்னு சொல்லித்தான் குடுத்தாருங்க. வராத கடன்னு பீரோவுல போட்டு வெச்சிருந்தோம். ஓடிப்போனவரு ஊட்டுக்காரம்மாவோட தட்டெடுத்துட்டு வந்து, வாங்கிக்குங்கன்னு நிக்கறாருங்க. எந்த மூஞ்சியோட ஆட்சேபணை எழுதறது?"

பூட்டிய கதவு

கம்பெனி அன்றைக்கே இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்ந்தது. பிராதுத் தலைப்பில் அந்த ஒரு வரியைச் சேர்த்து அடிக்கிற வேலை எனக்கு. வயது போடவில்லை.

அடுத்த வாய்தாவில் பணக்கணக்கு வந்தது. கம்பெனி வக்கீல் கடைசி நாள் வரைக்கும் வட்டி போட்டு ஒரு தாள் கொடுத்தார். ஆறுமுகண்ணன் தாளின் அடியில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டு என்னிடம், இரண்டு தறியும் சரியாகப் போகும் என்றார். மேடம் நோட்டீஸ் திரும்பி வந்த உறையையும் அமீனாவின் முதல் அறிக்கையையும் எடுத்துக் கொடுத்தார். நீதிபதி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவு விஷயம் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்று படித்தார். பிறகு கம்பெனி வக்கீலிடம் கேட்டார்: "கதவைப் பூட்டினது நீங்க. அந்தப் பூட்டுக்கு வட்டி இவர் கட்டணுமா?"

வக்கீல் தன் கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். தபால் திரும்பிய நாளிலிருந்து வட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாஸ்புக்கில் இருந்தது போதுமானதாக இருந்தது. பஸ்ஸுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கோர்ட்டில் கட்டிவிட்டு ரங்கசாமி வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நினைத்து நான் வேறு பக்கம் பார்த்தேன். "ரெண்டு தறிக்கும் பெல்ட் மாத்தோணுங்க. இத்தன நாளு, இருக்குமோ இருக்காதோன்னு மாத்தாம வெச்சிருந்தேன்" என்றார்.

பத்திரம்

கம்பெனி பத்திரத்தைக் கோர்ட்டில் ஒப்படைத்தது. ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெஞ்ச் கிளார்க் அதை ரங்கசாமியிடம் நீட்டினார். அவர் கை நீட்டுவதற்குள் சரஸ்வதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். நடுவில் ஒன்று இரண்டு என்று பக்கத்தை எண்ணினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். சூலூர் போய்ச் சேரும்வரை அந்தப் பையை அவர் கீழே வைக்கவில்லையாம். டிக்கெட்டுக்குக் காசெடுக்கக்கூட அதைத் திறக்க விடவில்லை என்று ரங்கசாமி சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, வழக்கு முடிந்ததற்கான தீர்ப்பு நகலை வாங்கிப் போக ரங்கசாமி தனியாக வந்தார். பெல்ட் மாற்றியாயிற்று, தறியில் பாவு நூல் ஏற்றியாயிற்று, சரஸ்வதி நன்றாகத் தூங்குகிறார் என்றார். நகலையும் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள் என்று நான் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பத்திரம் ஊட்டுலதான் இருக்குதுங்க அம்மணி. எங்க வெச்சிருக்கறாள்னு மட்டும் சொல்ல மாட்டீங்கறா. அட்டாலி மேலகூடத் தேடிப்போட்டேன்."

இத்தனை காலம் கட்சிக்காரர்களின் விலாசம் டைப் அடித்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: கம்பெனிக்கும் வெட்கம் உண்டு, ஆனால் அது பதிவான விலாசத்தில் குடியிருப்பதில்லை.